கோல்டு ஃபிஷ் சோர்ந்து கிடக்கா? மருந்து வாங்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பண்ணுங்க

மீன் தொட்டியோட ஒரு மூலையில அடியில போய் ஒதுங்கி நிக்குது, முதுகுத் துடுப்ப மடக்கி வச்சிருக்கு, தீனி டப்பாவ எடுத்தாலே ஓடி வர்ற மீன் இப்ப திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குது, இல்லன்னா மேலயே நின்னுக்கிட்டு வாயத் தொறந்து தொறந்து மூடுது. இத பாத்ததும் நாம பண்ற மொத வேலை மீன் கடைக்குப் போய் "அண்ணே மீன் டல்லா இருக்கு, எதாவது மருந்து குடுங்க"ன்னு கேக்கறது. அவரும் நீலமோ மஞ்சளோ ஒரு சின்ன பாட்டில எடுத்துக் குடுத்து தினம் பத்து சொட்டு விடுங்கன்னு சொல்லி அனுப்புவாரு. அத ஊத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. வீட்ல வளர்ற கோல்டு ஃபிஷ்க்கு வர்ற பிரச்சனைல பெரும்பாலானது தண்ணில இருந்துதான் ஆரம்பிக்குது, கிருமியே காரணமா இருந்தாலும் கெட்ட தண்ணில மீன் பலமிழந்த அப்பறம்தான் அது உள்ள நுழையும். கெட்ட தண்ணிலயே மருந்தையும் ஊத்துனா மீனுக்கு இன்னொரு சுமைதான் ஏறும்.

இன்னொன்னு, "கோல்டு ஃபிஷ் எல்லாம் ஆறு மாசம்தான் சார் இருக்கும், செத்தா வேற வாங்கிக்கலாம்"னு சொல்றவங்க பேச்ச நம்பாதீங்க. ஒழுங்கா வச்சுக்கிட்டா 10, 15 வருஷம் சாதாரணமா இருக்கற ஜீவன் அது, இங்கிலாந்துல டிஷ்னு ஒரு கோல்டு ஃபிஷ் 43 வயசு வரைக்கும் இருந்து 1999லதான் செத்துச்சு. அதனால மெனக்கெடறது வீண் இல்ல.

மொத வேலை: தீனிய நிறுத்துங்க, காத்த கூட்டுங்க

மீன் டல்லா இருக்குன்னு தெரிஞ்ச உடனே தீனி போடறத நிறுத்திடுங்க. ரெண்டு மூணு நாள் சாப்பிடலன்னா அதுக்கு ஒன்னும் ஆகாது, நல்லா வளர்ந்த மீன் ஒரு வாரம்கூட தாங்கும். ஆனா சாப்பிடாம கிடக்கற தீனி அழுகி தண்ணிய இன்னும் கெடுக்கும், அது தாங்காது.

ஏர் பம்ப் இருந்தா போடுங்க, ஏற்கனவே ஓடுதுன்னா இன்னொரு ஏர் ஸ்டோன் (காத்த குமிழியா விடற கல்லு) சேத்துப் போடுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு இது ரொம்ப முக்கியம். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணில வாழற மீன், அதுக்குத் தோதான சூடு 18ல இருந்து 24 டிகிரி வரைக்கும்தான். சென்னை, மதுரை, திருச்சில மே மாசம் தொட்டித் தண்ணி 31, 32 டிகிரிக்குப் போயிடுது. 20 டிகிரி தண்ணில ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைஞ்சிருக்கும்னா 30 டிகிரில ஏழரைதான் கரையும், அதுவும் நல்லா காத்து படற தண்ணில. சூட்டுல மீனுக்கு ஆக்சிஜன் அதிகமா வேணும், தண்ணிலயோ கம்மியா இருக்கும். கரண்ட் அடிக்கடி போற ஏரியான்னா பேட்டரில ஓடற பம்ப் ஒன்னு வாங்கி வச்சுக்கோங்க, ஒரு ராத்திரி கரண்ட் போனா மறுநாள் காலைல அத்தன மீனும் போயிருக்கலாம்.

அடுத்தது தண்ணி, இதுதான் பாதி வைத்தியம்

மீன் செவுள் வழியாவும் கழிவு வழியாவும் அம்மோனியாவ வெளிய விடுது. ஃபில்டர் ஸ்பாஞ்சுல, கல்லுல எல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கற நல்ல பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தும், அடுத்து நைட்ரேட்டா மாத்தும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் விஷம், நைட்ரேட் ஓரளவுக்குப் பரவால்ல. இந்த பாக்டீரியா ஒரு புது தொட்டில நல்லா ஊனி வளர 4ல இருந்து 6 வாரம் ஆகும். ஆனா நாம என்ன பண்றோம், சனிக்கிழமை தொட்டி வாங்கறோம் அன்னைக்கே அஞ்சு மீன போடறோம், இல்லன்னா ஞாயித்துக்கிழமை ஆனா தொட்டிய மொத்தமா கவுத்து கல்லு ஃபில்டர் எல்லாத்தையும் குழாய்த் தண்ணில பளிச்சுனு கழுவி வைக்கறோம். அந்தக் குளோரின் தண்ணில நல்ல பாக்டீரியாவும் செத்துப்போகும், அதுக்கு ரெண்டு மூணு நாள் கழிச்சு மீன் படுத்துக்கும். "நேத்துதான் தொட்டிய சுத்தமா கழுவுனேன், எப்படி நோய் வரும்"னு கேக்கறவங்க நிறைய பேரு, கழுவுனதுதான் காரணமே.

மீன் கடைல சொட்டு மருந்து மாதிரி டெஸ்ட் கிட் கிடைக்கும், அம்மோனியா, நைட்ரைட், பிஎச் (தண்ணி அமிலமா காரமான்னு காட்டற அளவு) மூணும் பாக்கற மாதிரி வாங்குங்க. மருந்து பாட்டில் நாலு வாங்கற காசுக்கு இது ஒன்னு வாங்கிடலாம், அதவிட நூறு மடங்கு பிரயோஜனம். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யமா இருக்கணும், நைட்ரேட் 40 பிபிஎம்க்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழ இருக்கணும். போர் தண்ணி ஊத்தறவங்க பிஎச்சையும் கண்டிப்பா பாருங்க, ஏன்னா பிஎச் 7ல இருந்து 8க்குப் போனா அதே அம்மோனியால விஷமா இருக்கற பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆயிடும். ஒரே அளவு அம்மோனியா ஒருத்தர் வீட்ல ஒன்னும் பண்ணாது, பக்கத்து வீட்ல மீனக் கொன்னுடும், காரணம் இதுதான். கண்ணுக்குத் தெளிவா தெரியற தண்ணி நல்ல தண்ணின்னு நினைக்காதீங்க, அம்மோனியாவுக்குக் கலரே கிடையாது.

கிட் இல்லன்னாலும் தண்ணிய மாத்தலாம். தொட்டித் தண்ணில மூணுல ஒரு பங்கோ பாதியோ எடுத்துட்டு புதுத் தண்ணி ஊத்துங்க, அடுத்த ரெண்டு மூணு நாளும் இதே மாதிரி. கார்ப்பரேஷன் தண்ணின்னா குளோரின் இருக்கும், ஒரு நாள் முழுக்க அகலமான டப்புல தொறந்து வச்சு ஏர் பம்ப் போட்டு விடுங்க, அவசரம்னா ஆன்டி குளோரின்னு கேட்டா குடுப்பாங்க, பாட்டில்ல போட்டிருக்கற அளவு கலந்து ஊத்துங்க. போர் தண்ணில குளோரின் இருக்காது, உப்பும் கடினமும் கூட இருக்கும், மீன் அதுக்குப் பழகியிருந்தா திடீர்னு மாத்த வேணாம். சில பேரு பாசத்துல கேன் தண்ணி வாங்கி ஊத்தறாங்க, ஆர்ஓ தண்ணில தாது ரொம்பக் கம்மி, பிஎச் நிலையா நிக்காது, தனியா அத மட்டும் ஊத்தாதீங்க. புதுத் தண்ணியும் பழைய தண்ணியும் ஏறக்குறைய ஒரே சூட்டுல இருக்கணும், மொட்டை மாடி டேங்க்ல மத்தியானம் கொதிச்ச தண்ணிய அப்படியே கொண்டு வந்து ஊத்தக் கூடாது.

இதுல ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க. மாசக்கணக்கா தண்ணியே மாத்தாத தொட்டின்னா ஒரேயடியா பாதி மாத்தாதீங்க. அந்த மாதிரி பழைய தண்ணில பிஎச் நல்லா கீழ இறங்கியிருக்கும், அம்மோனியா நிறைய இருந்தாலும் விஷம் இல்லாத உருவத்துல கிடக்கும், திடீர்னு பிஎச் ஜாஸ்தியான போர் தண்ணிய ஊத்துனா அதுல விஷமா இருக்கற பங்கு பல மடங்கு ஆயிடும், தண்ணி மாத்துன ஒரு மணி நேரத்துல மீன் துடிச்சு செத்துடும். அப்படிப்பட்ட தொட்டில பத்துல ஒரு பங்கு, காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவன்னு மெதுவா மாத்திக்கிட்டு வாங்க.

ஃபில்டர் ஸ்பாஞ்ச கழுவணும்னா தொட்டில இருந்து எடுத்த தண்ணியவே ஒரு பக்கெட்ல வச்சு அதுல ரெண்டு தடவ பிழிஞ்சு திரும்ப மாட்டிடுங்க, அவ்ளோதான்.

இத மட்டும் பண்ணிட்டு ரெண்டு நாள் பாருங்க. நிறைய மீன் இதுலயே துடுப்ப விரிச்சுக்கிட்டு கிளம்பிடும், ஒரு சொட்டு மருந்துகூட தேவைப்படாது.

தனி டப்பும் கல் உப்பும்

ரெண்டு நாள்ல தேறலன்னாலும், இல்ல உடம்புல புள்ளி, புண், பஞ்சு மாதிரி எதாவது தெரிஞ்சாலும் மீனத் தனியா எடுங்க. 20 லிட்டர் பிடிக்கற பிளாஸ்டிக் டப் போதும், சோப்பு படாத புது டப்பா இருக்கணும், அடியில கல்லு கில்லு எதுவும் வேணாம், ஏர் ஸ்டோன் ஒன்னு, மேல வலையோ துணியோ போட்டு மூடுங்க ஏன்னா உடம்பு முடியாத மீன் சமயத்துல எகிறிக் குதிக்கும். டப்பு தண்ணில பாதி பழைய தொட்டித் தண்ணியும் பாதி புதுசும் இருக்கட்டும், பழைய தண்ணி ரொம்பக் கெட்டிருந்தா முழுக்கப் புதுசு. மீன வலைல அள்ளறதவிட ஒரு பெரிய கிண்ணத்துல தண்ணியோட மொண்டு எடுக்கறது நல்லது, வலைல செதிலும் வழவழப்பும் உரியும், அந்த வழவழப்புதான் அதுக்குத் தோல் பாதுகாப்பு. கையால தொட வேண்டி வந்தா கைய நனைச்சுக்கிட்டு தொடுங்க.

இப்ப உப்பு. வீட்ல இருக்கற மருந்துல இதுக்கு மேல ஒன்னு கிடையாதுன்னு நான் அடிச்சு சொல்வேன். நல்ல தண்ணில வாழற மீனோட ரத்தத்துல உப்பு அதிகம், சுத்தி இருக்கற தண்ணில கம்மி, அதனால தண்ணி எந்நேரமும் உடம்புக்குள்ள ஊறிக்கிட்டே இருக்கும், உடம்புல இருக்கற உப்பு வெளிய கசிஞ்சுக்கிட்டே இருக்கும், கிட்னி ராப்பகலா அந்தத் தண்ணிய வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும். புண்ணோ செவுள்ல பாதிப்போ இருந்தா இந்த வேலை இன்னும் கூடும். தண்ணில கொஞ்சம் உப்பு சேத்தா அந்தப் பாரம் குறையும், மீனுக்குக் குணமாக தெம்பு மிஞ்சும். நிறைய ஒட்டுண்ணிக்கும் உப்பு ஆகாது. நைட்ரைட் விஷத்தையும் உப்புல இருக்கற குளோரைடு செவுள் வழியா உள்ள போகாம தடுக்கும்.

சாதா கல் உப்பு போதும், எதுவும் கலக்காததா பாத்து வாங்குங்க. அளவு ஒரு லிட்டருக்கு 1 கிராம்ல ஆரம்பிக்கணும். 20 லிட்டர் டப்புக்கு 20 கிராம், சமையல் தராசுல எடை போட்டுக்கோங்க, ஸ்பூன் கணக்கு கல் உப்புக்கு சரியா வராது. ஒரு மக்குல நல்லா கரைச்சு மெதுவா மீன் மேல படாம ஊத்துங்க, கல்லா அப்படியே போட்டா மீன் அது மேல போய் உரசும், எரிஞ்சிடும். 12 மணி நேரம் கழிச்சு இன்னொரு 20 கிராம், அதுக்கப்பறம் 12 மணி நேரம் கழிச்சு கடைசி 20 கிராம். ஆக லிட்டருக்கு 3 கிராம் ஆச்சு, அங்க நிறுத்திக்கோங்க, ஒரு வாரம் பத்து நாள் இதுலயே வைக்கலாம்.

டப்புல ஃபில்டர் இல்லாததால தினமும் பாதித் தண்ணி மாத்தணும், 10 லிட்டர் எடுத்தா 10 லிட்டர் ஊத்தறீங்க, அதுக்கு 30 கிராம் உப்பு கரைச்சு ஊத்தணும், முழு 60 கிராமையும் திரும்பப் போட்டுறாதீங்க. வெயில்ல தண்ணி ஆவியாகி குறைஞ்சா அதுக்கு வெறும் தண்ணி மட்டும் ஊத்துங்க, உப்பு ஆவியாகாது, உள்ளயேதான் இருக்கும். செடி இருக்கற தொட்டில உப்பு போட்டா செடி கருகிடும். ஃபில்டர்ல வெள்ளையா சியோலைட் கல்லு போட்டிருந்தா உப்பு போடறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க, அது புடிச்சு வச்சிருந்த அம்மோனியா மொத்தத்தையும் உப்புத் தண்ணில திரும்ப விட்டுடும்.

என்ன நோய்னு எப்படி கண்டுபிடிக்கறது

டார்ச் அடிச்சு பக்கத்துல இருந்து ஒரு தடவ, மேல இருந்து ஒரு தடவ நிதானமா பாருங்க. போன்ல வீடியோ எடுத்து பெருசு பண்ணிப் பாத்தா கண்ணுக்குத் தெரியாதது தெரியும்.

உடம்பு, வால், துடுப்புல எல்லாம் ரவை தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி, மீன் கல்லுல போய் தேச்சுக்குதுன்னா அது வெள்ளைப் புள்ளி நோய். நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகை மழைல திடீர்னு தண்ணி குளிரும்போது அதிகமா வரும். இந்த ஒட்டுண்ணி மீனோட தோலுக்கு உள்ள இருக்கும்போது எந்த மருந்தும் அதத் தொடாது. அது வளர்ந்து கீழ விழுந்து அடியில ஒட்டிக்கிட்டு நூத்துக்கணக்குல குட்டி போட்டு, அந்தக் குட்டிங்க மீனத் தேடி நீந்தற அந்த ஒன்னு ரெண்டு நாள்லதான் உப்போ மருந்தோ அதக் கொல்லும். அதனால புள்ளி மறைஞ்ச உடனே சரியாயிடுச்சுன்னு நிறுத்துனா அடுத்த வாரம் ரெண்டு மடங்கா திரும்பி வரும். கடைசிப் புள்ளி போன அப்பறமும் ஒரு வாரம் விடாம வைத்தியம் நடக்கணும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிரான ஊர்ல அதோட சுழற்சியே வாரக்கணக்குல இழுக்கும், அங்க இன்னும் அதிக நாள் வைக்கணும். ஒரு மீனுக்கு வந்தா அந்தத் தொட்டில இருக்கற எல்லா மீனுக்கும் சேத்துதான் பண்ணணும். உப்புல கேக்கலன்னா வெள்ளைப் புள்ளிக்குன்னே விக்கற மருந்து வாங்குங்க, நிறைய மருந்துல மாலக்கைட் கிரீன் இருக்கும், அது மனுஷனுக்கும் நல்லதில்ல, கிளவுஸ் போட்டுக்கோங்க, குழந்தைங்க கைல படாம வைங்க.

ஆனா ஒன்னு, புள்ளி செவுள் மூடி மேலயும் முன்பக்கத் துடுப்போட முன் விளிம்புலயும் மட்டும் வரிசையா இருக்கு, மீன் நல்லா சுறுசுறுப்பா மத்த மீன தொரத்திக்கிட்டு திரியுதுன்னா அது நோய் இல்ல, ஆண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாரா இருக்கறப்ப வர்ற அடையாளம். இதுக்கு மருந்து ஊத்தி நல்ல மீனக் கொன்னவங்க நிறைய பேரு. அதே மாதிரி ஆரஞ்சு மீன் கொஞ்சம் கொஞ்சமா வெள்ளையா மாறுனா பயப்படாதீங்க, கலர் மாறறது இயல்பு. திடீர்னு வால் ஓரத்துலயும் உடம்புலயும் கருப்பு திட்டு வந்தா பெரும்பாலும் அம்மோனியால வெந்த இடம் ஆறுதுன்னு அர்த்தம், தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க.

வால் நுனி கிழிஞ்சு, வெளுத்து, நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே வந்தா துடுப்பு அழுகல். கெட்ட தண்ணில வர்ற பாக்டீரியா வேலை இது, சுத்தமான தண்ணி, லிட்டருக்கு 3 கிராம் உப்பு, ஒரு வாரம். வால் அடிக்கட்டை வரைக்கும் அழுகலன்னா திரும்ப வளரும், புதுசா வளர்ற ஓரம் கண்ணாடி மாதிரி தெரியும், அத அழுகல்னு நினைச்சுடாதீங்க.

புண் மேல பஞ்சு ஒட்டுன மாதிரி இருந்தா பூஞ்சை, அதுக்கு மெத்திலீன் ப்ளூ நல்லது. ஒரு சதவீதக் கரைசல்னா 4 லிட்டருக்கு 1 மில்லி, வேற அளவு பாட்டில்னா அதுல போட்டிருக்கறபடி. இத தனி டப்புல மட்டும்தான் விடணும், தொட்டில விட்டா ஃபில்டர்ல இருக்கற நல்ல பாக்டீரியா செத்துடும், கண்ணாடி ஒட்டுன சிலிக்கானும் நீலமாயிடும். வாயச் சுத்தி இல்ல முதுகுல சாம்பல் வெள்ளையா பஞ்சு மாதிரி வந்து ரெண்டே நாள்ல வேகமா பரவுதுன்னா அது பூஞ்சை இல்ல, காலம்னாரிஸ்னு ஒரு பாக்டீரியா. சூடு அதுக்கு ரொம்பப் பிடிக்கும், ஹீட்டர் போட்டுறாதீங்க, தண்ணிய முடிஞ்ச அளவு குளிர்ச்சியா வைங்க, ஃபேன் காத்து தண்ணி மேல படற மாதிரி வச்சாலே ரெண்டு டிகிரி குறையும்.

உடம்புல சின்ன குச்சி மாதிரி, நூல் மாதிரி ஒன்னு நீட்டிக்கிட்டு இருக்கு, அது சொருகுன இடம் சிவந்திருக்குன்னா நங்கூரப் புழு. வட்டமா தட்டையா கண்ணாடி மாதிரி ஒன்னு உடம்பு மேல நகருதுன்னா மீன் பேன். குளத்துல வளர்த்த மீன வாங்கிட்டு வந்தா ரெண்டும் வரும். மீன நனைஞ்ச துணில புடிச்சு, ட்வீசரால புழு தோலுக்குள்ள நுழையற அடியிலயே புடிச்சு மெதுவா நேரா இழுங்க, பாதில அறுந்தா தலை உள்ளயே தங்கிடும். எடுத்த இடத்துல பஞ்சுக் குச்சியால கொஞ்சம் போவிடோன் அயோடின் தொட்டு வைங்க, கண்ணுலயும் செவுள்லயும் படக் கூடாது. அரை நிமிஷத்துக்கு மேல தண்ணிக்கு வெளிய வைக்காதீங்க. முட்டைங்க தொட்டில இருக்கும், அதனால கடைல டைஃப்ளுபென்சூரான் இருக்கற மருந்தா கேட்டு தொட்டிக்கும் போடணும். மாட்டுக்கு அடிக்கற உண்ணி மருந்து, செடிக்கு அடிக்கற மருந்துன்னு யாராவது சொன்னா கிட்டயே போகாதீங்க, ஒரு சொட்டு கூடுனாலும் மீன் காலி.

இனி உருண்டை மீன். ஒரண்டா, ரெட் கேப், பிளாக் மூர், ரியுகின் இதெல்லாம் அழகுக்காக உடம்ப குறுக்கி குறுக்கி உருவாக்குனது, உள்ள குடலும் காத்துப் பையும் நெருக்கிக்கிட்டு இருக்கும். கோல்டு ஃபிஷ்க்கு இரைப்பையே கிடையாது, தின்னது நேரா குடலுக்குப் போயிடும். மிதக்கற தீனிய மேல வந்து காத்தோட சேத்து முழுங்கி, அது உள்ள போய் ஊதி, மீன் தலைகீழா மிதக்கும், பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். மொதல்ல தண்ணி டெஸ்ட், அது சரியா இருந்தா ரெண்டு நாள் பட்டினி. மூணாவது நாள் பச்சைப் பட்டாணிய வேகவச்சு, தோல உரிச்சு, நசுக்கி, மீன் கண்ணு அளவுக்கு ரெண்டு மூணு துணுக்கு. அதுலயும் சரியாகலன்னா மெடிக்கல்ல எப்சம் சால்ட் வாங்கி 4 லிட்டர் தண்ணில ஒரு டேபிள்ஸ்பூன் கரைச்சு 15 நிமிஷம் அதுல விட்டு எடுங்க, பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டு இருக்கணும், தவிச்சா உடனே எடுத்துடணும். இது பேதி உப்பு, கல் உப்பு வேற இது வேற, மாத்திப் போட்டுறாதீங்க. மிதக்கற மீனோட வயிறு தண்ணிக்கு வெளிய காஞ்சு புண்ணாகும், அத கவனிங்க. மேல வர முடியாம அடியிலயே கிடக்கற மீனுக்கு தண்ணிய அரை அடிக்குக் குறைச்சிடுங்க. சரியான அப்பறம் மூழ்கற பெல்லட் மட்டும் போடுங்க, அதையும் அஞ்சு நிமிஷம் ஊற வச்சு. சில மீனுக்கு உடல் அமைப்பே அப்படி, முழுசா சரியாகாது, சாப்பிட்டுக்கிட்டு சந்தோஷமா இருந்தா அப்படியே வச்சு பாத்துக்கலாம்.

மீன் வாய மூடவே மாட்டேங்குது, தீனிய எடுத்து எடுத்து துப்புதுன்னா வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, தொட்டிக் கல்லு ஒன்னு தொண்டைல மாட்டியிருக்கும். மீனத் தலைகீழா சாய்ச்சுப் புடிச்சு தொண்டைக்கு வெளிப்பக்கம் விரலால லேசா அழுத்துனா கல்லு வந்து விழும்.

கடைசியா, ரொம்ப கஷ்டமானது. வயிறு உப்பி, மேல இருந்து பாத்தா செதில் எல்லாம் சிலிர்த்துக்கிட்டு விரிஞ்சு நிக்கும். கிட்னி வேலை செய்யாம உடம்புல தண்ணி கோத்துக்கிச்சு. ஆரம்பத்துல பாத்தா உப்பும் சுத்தமான தண்ணியும் குடுத்து சிலது பொழைக்கும், செதில் முழுசா சிலிர்த்த அப்பறம் பொழைக்கறது அபூர்வம், பொய் சொல்லி நம்பிக்கை குடுக்க எனக்கு மனசு வரல. செதில் சிலிர்க்காம வயிறு மட்டும் ஒரு பக்கமா பெருத்திருந்தா பொட்ட மீனுக்கு முட்டையா இருக்கலாம், அவசரப்படாதீங்க.

மருந்து விஷயத்துல

ஒரு நேரத்துல ஒரு மருந்துதான். நீல மருந்து கேக்கலன்னு மறுநாளே மஞ்ச மருந்த அது மேலயே ஊத்தக் கூடாது, நடுவுல பெரும்பகுதி தண்ணிய மாத்திட்டுதான் அடுத்தது. மருந்து போடறப்ப ஃபில்டர்ல இருக்கற கரிய எடுத்துடணும், இல்லன்னா மருந்தெல்லாம் அது உறிஞ்சிடும். தொட்டி எத்தன லிட்டர்னு தெரியாம மருந்து போடவே கூடாது, நீளம் அகலம் தண்ணி உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி ஆயிரத்தால வகுத்தா லிட்டர் வந்துடும்.

மனுஷங்க சாப்பிடற டெட்ராசைக்ளின் கேப்சூல உடைச்சுப் போடுங்கன்னு நிறைய பேரு சொல்லுவாங்க. கடினமான போர் தண்ணில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் அத புடிச்சுக்கும், மீனுக்குள்ள சரியா போகாது, நல்ல பாக்டீரியாதான் பாதிக்கும், வீட்ல இருக்கற கிருமிக்கு எதிர்ப்பு சக்தியும் பழகிடும். மஞ்சத்தூள் போடுங்கன்னும் சொல்லுவாங்க, அது கரையாம தண்ணில மிதந்து செவுள்ல போய் ஒட்டும், மூச்சுக்குத் தவிக்கற மீனுக்கு அத பண்ணாதீங்க. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் புதுசா வளர்க்கறவங்க கைல எடுக்க வேணாம், அளவு ஒரு துளி தப்புனா செவுள் வெந்துடும்.

பெருசா புண், ஒரே வாரத்துல அடுத்தடுத்து மூணு நாலு மீன் போகுது அப்படின்னா தெரிஞ்சவங்கள பாக்கறதுதான் நல்லது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரில மீன் நோய்க்குன்னே தனித் துறை இருக்கு. சென்னைன்னா கொளத்தூர்ல வருஷக்கணக்கா மீன் வளர்த்து விக்கறவங்க இருக்காங்க, மீனோட வீடியோவும் தண்ணி டெஸ்ட் ரிசல்ட்டும் காட்டிக் கேளுங்க, "டல்லா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா அவங்களாலயும் ஒன்னும் சொல்ல முடியாது.

எதுவும் பலிக்கல, மீன் பல நாளா சாப்பிடாம சாஞ்சு கிடந்து அவஸ்தைப்படுதுன்னா அத முடிச்சு வைக்கறதும் நம்ம பொறுப்புதான். டாய்லெட்ல விடறது, ஃப்ரிட்ஜ்ல உயிரோட வைக்கறது ரெண்டும் கொடுமை. மெடிக்கல்ல கிராம்பு எண்ணெய் கிடைக்கும், ஒரு சின்ன பாட்டில் தண்ணில அந்த எண்ணெய விட்டு பால் மாதிரி ஆகற வரைக்கும் குலுக்கி, மீன் இருக்கற ஒரு லிட்டர் தண்ணில மொதல்ல ரெண்டு சொட்டு எண்ணெய் சேர்ற அளவு கலக்குங்க, மீன் மயங்குன அப்பறம் மொத்தம் பத்து சொட்டு எண்ணெய் வர்ற வரைக்கும் சேருங்க. செவுள் அசைவு நின்ன அப்பறமும் அரை மணி நேரம் அதுலயே விடுங்க. குழந்தைங்க இருக்கற வீடா இருந்தா அவங்ககிட்ட மறைக்காம சொல்லிட்டு, செடிக்கு அடியில புதைக்கலாம். உயிரோட இருக்கற மீன ஏரில குளத்துல மட்டும் விட்டுறாதீங்க, நோய் அங்க இருக்கற மீனுக்கும் போகும்.

குணமான அப்பறம்

மீன் நல்லா சாப்பிட ஆரம்பிச்சு ஒரு வாரம் ஆகட்டும். உப்ப திடீர்னு எடுக்க வேணாம், தினமும் மாத்தற தண்ணில உப்பு சேக்காம ஊத்திக்கிட்டு வந்தா நாலஞ்சு நாள்ல தானா இறங்கிடும். அப்பறம் தொட்டில விடுங்க. ஒரு மீனுக்கு 50 லிட்டராவது வேணும், அடுத்து ஒவ்வொன்னுக்கும் ஒரு 30, 40 லிட்டர் கூட. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்துல இருந்துதான் இந்த மீன் வந்துச்சுன்னா திரும்ப அதுக்குள்ளயே விட்டா அடுத்த மாசம் மறுபடியும் இதே கதைதான், அதனால வைத்தியம் நடக்கற நாள்லயே பெரிய தொட்டிக்கு ஏற்பாடு பண்ணிடுங்க, தொட்டி வாங்க முடியலன்னா ஃபில்டர் போட்ட 60 லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும், மீனுக்குக் கண்ணாடி முக்கியம் இல்ல. வாரத்துக்கு ஒரு தடவ கால்வாசித் தண்ணி மாத்துங்க, தீனி ரெண்டு நிமிஷத்துல தின்னு தீக்கற அளவு மட்டும்.

டப், வலை, மக்கு எல்லாத்தையும் நல்லா கழுவி வெயில்ல ரெண்டு நாள் முழுக்கக் காய வச்சுட்டு எடுத்து வைங்க, மீன் நோய்க் கிருமி நிறையது காஞ்சா செத்துடும். அடுத்த தடவ புது மீன் வாங்குனா அதே டப்புல மூணு வாரம் தனியா வச்சுப் பாத்துட்டுதான் பழைய மீனோட சேக்கணும், கடைல இருந்து வர்ற கவர் தண்ணிய தொட்டில ஊத்தாதீங்க.